மீண்டும் தொடங்கவா?

இன்று காலை மூன்று தரம் செத்தேன்,
பத்து மணித் தேநீருக்கு முன்னமே.

முதல் சாவு அவசரத்தால்:
கொக்கி மாட்டாமல் ஓட்டில் கால் வைத்தேன்.
இரண்டாவது மின்சாரம். நீலமாய் ஒரு வெட்டு, வலியில்லை.
மூன்றாவதைச் சொல்ல வெட்கம்.
கீழே எம்மே ஆறு அவ்வளவு வடிவாய் ஓடியது,
பார்த்தபடியே பின்னுக்குப் போனேன்.

ஒவ்வொரு முறையும் விழுந்த இடம்
புர்க்டோர்ஃப் தொழிற்பள்ளி, இரண்டாம் மாடி,
மெழுகிட்ட தரை.
கண்ணுக்கு நேரே பச்சை எழுத்து:
மீண்டும் தொடங்கவா?

முப்பத்தெட்டு வயதில் இதை யாரும் கேட்பதில்லை.
குடிவரவு அலுவலகம் கேட்டதில்லை.
பன்னிரண்டு வருடம் ஆஸ்பத்திரித் துணி மடித்த சலவைச்சாலை
கதவைப் பூட்டிய அன்றும் கேட்கவில்லை.
ஆம் என்று விரலை நீட்டினேன்,
வெறுங்காற்றில்.

பக்கத்தில் பதினாறு வயது ரேட்டோ,
முகத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு
இல்லாத திருகாணியை இல்லாத துளைக்குள்
நாக்கைக் கடித்தபடி முறுக்குகிறான்.
அவன் இன்னும் ஒருமுறையும் சாகவில்லை.
அதில் அவனுக்குக் கொஞ்சம் கவலை.

வெள்ளிக்கிழமை மெய்யான கூரை.
லாங்னாவில் ஒரு பண்ணைவீடு, நவம்பர்.
கொக்கியை மாட்டி இழுத்துப் பார்த்தேன்.
மறுபடி இழுத்தேன்.
செத்துப் பழகிய கை, அதற்குச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் ஓட்டில் பாசி இருந்தது.
சூரியப் பலகையைக் காற்று
தனக்குத் தா என்று பிடுங்கியது.
கையுறைக்குள் விரல் மரத்துப்போனது.
புகைக்கூண்டில் வெங்காயம் வதங்கும் மணம்.
கூரைச் சன்னலுக்குள் ஒரு மனிதர்,
பகல் பதினொரு மணிக்குப் போர்த்திக்கொண்டு
அழுதுகொண்டிருந்தார்.
என்னைக் கண்டார்.
மறைவதற்கு அங்கே ஒன்றுமில்லை,
தலையை மட்டும் அசைத்தார்.
நானும் அசைத்தேன்.
கைநழுவிய திருகாணி
பீலிக்குள் உருண்டுபோகும் சத்தம்
நெடுநேரம் கேட்டது.

திங்களன்று ஒரு படிவம்:
அடுத்த பதிப்பில் என்ன சேர்க்கலாம்?
இனி வரும் கையுறை பாரம் சொல்லுமாம்,
குளிர் சொல்லுமாம், மூக்குக்கு மணமும் வருமாம்.
ரேட்டோ பாசி என்று எழுதினான்,
அதன் கீழ் காற்று, அடிக்கோடு போட்டு.

நான் எழுதினேன்:
வீடுகளுக்குள் ஆட்கள்.

பேனையை மூடிவிட்டு, திறந்து,
அதை வெட்டினேன்.
சன்னல்களுக்குத் திரைச்சீலை.
உள்ளேயிருந்து இழுக்கக்கூடியதாக.