முதுகுக்கு ஓர் ஆள்

மொத்த பட்ஜெட் எண்பத்தைந்து தினார்.
அதில் பதினொன்று பிரியாணிக்கே போனது.
சல்மாபாத் கராஜ்களுக்குப் பின்னால்
எங்கள் கேம்ப்பின் மூன்றாவது மாடியில்
வெள்ளிக்கிழமைகளில் மட்டும் படப்பிடிப்பு.
இயக்கம் நஜ்முதீன்; மற்ற நாட்களில்
கோல்ட் ஸ்டோரில் தயிரும் சிகரெட்டும் விற்பவன்.
கேமரா அவனுடைய செல்போன், ஓரத்தில் விரிசல்.
பகலில் இரவு வேண்டுமென்றால்
ஜன்னலில் கறுப்புக் குப்பைப் பை.

கதை இவ்வளவுதான்:
ஏசி மெக்கானிக் ஒருவனை
அவனைப் போலவே இருக்கும் ஒருவன்
கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்க்கிறான்.
இரண்டு வேடமும் எனக்கு.
நடிப்பு வரும் என்பதால் அல்ல,
எனக்கு ஷிப்ட் இல்லாத நாள் அது.

நல்லவனுக்கு இடது வகிடு, கெட்டவனுக்கு வலது.
தரை நடுவே வெள்ளி டேப் ஒட்டி
"இதைத் தாண்டிராதீங்க ஞானசிங் அண்ணே,
உடம்பு பாதியில வெட்டுப்பட்டுரும்" என்றான்.

நேருக்கு நேர் பேசும் காட்சிக்கு
முதுகு காட்ட ஓர் ஆள் தேவைப்பட்டது.
யாரோ வந்து நின்றார்கள்.
என் நீலச் சீருடை, என் உயரம்,
காலரில் கம்ப்ரஸர் எண்ணெய்க் கறை,
ஈரம்கூடக் காயவில்லை.
நஜ்மு கூட்டிவந்த ஆள் என்று
லைட் பிடித்த பாவாடைராயன் நினைத்தான்.
என் ரூம்மேட் என்று நஜ்மு நினைத்தான்.
நான் அடுத்த வசனத்தை நினைத்துக்கொண்டிருந்தேன்.
சாப்பிடும்போது
பொட்டலம் ஒன்று குறைந்தது.

காயில் கழுவும் ஆசிட்டில்
என் ரேகைகள் போய்ப் பல வருடம்.
ஆபீஸ் வாசலில் கைரேகை மெஷின்
மூன்று தரம் சிவப்பு காட்டி
நாலாம் தரம் மனமிரங்கும்.
மாதக் கடைசியில் பார்த்தால்
நான்கு வெள்ளிக்கும் ஓவர்டைம் ஏறியிருக்கிறது.
காலை ஆறு ஐம்பத்தெட்டு. ஒரே தொடலில் பச்சை.
தப்பே இல்லை என்றார் டைம்கீப்பர்.
நானும் வாய் திறக்கவில்லை.
இருபத்திரண்டு தினார்!
கிளைமாக்ஸுக்கு ஒரு கத்தியும்
ரத்தத்துக்கு இரண்டு பாட்டில் விம்டோவும்
அவன் உழைப்பில்தான் வாங்கினோம்.

திசையன்விளையிலிருந்து ஜெபக்கனி சொன்னாள்:
"நேத்து ராத்திரி எவ்வளவு நேரம் பேசினிய!
சின்னவளுக்கு வாய்ப்பாடுகூடச் சொல்லிக்கொடுத்திய.
இன்னைக்கு என்ன, மறுபடி பழைய ஆளாயிட்டிய?"

நேற்று ராத்திரி நான்
வலது வகிடோடு
விம்டோவில் செத்துக்கிடந்தேன்.
ஏழு டேக்.

அதைச் சொல்ல வந்தேன்.
அவள் குரலில் நேற்றைய சிரிப்பு
இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.
"வேலை அசதி" என்றேன்.

நஜ்மு எடுத்ததைப் போட்டுக் காட்டினான்.
நான் பேசப் பேச அந்த முதுகு
என் பக்கம் சாய்கிறது, தோள்
டேப்பைத் தாண்டுகிறது.
வெட்டுப்படவில்லை.
"பிரமாதமா பண்ணியிருக்கான்ல? யாருண்ணே அது?"
திரும்ப எடுக்கக் காசில்லாததால்
அந்த ஷாட் அப்படியே படத்தில் இருக்கிறது.

கடைசிக் காட்சி ஏர்போர்ட்.
அனுமதியெல்லாம் கிடைக்காது.
நான் லீவில் போகும் அன்று
பெட்டி தள்ளிக்கொண்டு நடக்க,
நஜ்மு சும்மா வழியனுப்ப வந்தவன் மாதிரி
தூர நின்று எடுப்பதாக ஏற்பாடு.
பாஸ்போர்ட் கேட்டு ஆபீசுக்குப் போனேன்.
"காலையிலேயே வாங்கிட்டியே" என்று
ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார்கள்.
என் பெயருக்கு நேரே ஒரு பெருவிரல்.
ஒவ்வொரு கோடும் தெளிவாக,
ஊரிலிருந்து வந்த முதல் நாள்
எனக்கு இருந்ததைப் போல.

படம் நன்றாக வந்திருக்கிறதாம்.
ஏர்போர்ட்டில் நான் திரும்பிப் பார்க்கும் இடம்
உலுக்கிவிட்டதாம் எல்லோரையும்.

நஜ்மு அடுத்த கதை ஆரம்பித்துவிட்டான்.
வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து வரும்போது
மூன்றாவது மாடியில் வெளிச்சம்.
முதுகு காட்ட ஓர் ஆள் வேண்டுமென்று
யாரோ சத்தமாகக் கேட்டார்கள்.
போய் நின்றேன்.

பிரியாணி வந்தது. பொட்டலங்களை எண்ணினார்கள்.
எல்லோருக்கும் சரியாக இருந்தது.