அட்டையின் கடைசி வரி

ஐந்து ரோட்டுக் கடையை எட்டுக்கு இழுத்து மூடி,
இருபது கொண்டை ஊசி வளைவுகளில்
பதினான்காவதில் ஜெசிந்தா வாந்தி எடுத்து,
நாகலூரைத் தாண்டி, தார் முடிந்த பிறகும் போய்
ஒரு எஸ்டேட் ஏரிக்கரையில் வண்டி நின்றது.
ஏரி என்று பேர்தான்.
காப்பிச் செடிகளுக்காகத் தேக்கிய தண்ணீர்
மாசியில் பாதிக்குப் போயிருந்தது.

சின்னப்பையன், வயது நாற்பத்தாறு, பரிசல்காரர்,
டார்ச்சை அணைக்கச் சொன்னார்.
காட்டெருமை தண்ணிக்கு வரும் நேரமாம்.
நான் முன்பே
தீபாவளி மிட்டாய்ப் பெட்டியின் சிவப்புத் தாளை
டார்ச்சின் வாயில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தேன்.
இருட்டுக்குக் கண் பழக இருபது நிமிடம் என்றேன்.
என் தொழில் அது.
யாரும் பேசவில்லை.
பர்வீன் மட்டும் முறுக்கு தின்றாள்.

வானம் மொத்தமாக வரவில்லை.
முதலில் சில்வர் ஓக் நுனிகள்,
அப்புறம் அவற்றின் இடைவெளியில் இருந்தவை,
அப்புறம்
அந்த இடைவெளிகளின் இடைவெளியில்.

தெற்கே, மலை முடிகிற இடத்துக்குக் கீழே
சேலம் ஒரு பழுப்பு வெளிச்சம்.
அதன் விளிம்பில் அகத்தியர்,
குளிக்கத் தயங்குபவர் போல
கால் நனையாமல் நின்றுகொண்டிருந்தார்.
அந்தப் பழுப்பில் என் கடை போர்டுக்கும் பங்குண்டு.
அணைக்க மறந்து வந்துவிட்டேன்.

துடுப்பை எடுத்ததும் பரிசல்
தன் பாட்டுக்குச் சுற்றத் தொடங்கியது.
திருவாதிரை இடப்பக்கம் போய் வலப்பக்கம் வந்தது,
பூமிக்கு ஏதோ அவசரம் மாதிரி.
வடக்கே ஏழு ரிஷிகள் எழுந்து நின்றார்கள்.

அட்டை வருவதற்கு முன்னால்
இதை வைத்துத்தான் கண் பார்த்தார்களாம், என்றேன்.
வாலில் நடுவில் இருப்பது வசிஷ்டர்.
பக்கத்தில் அருந்ததி. தெரிகிறதா?

தெரியுது, பர்வீன்.
ஜெசிந்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, தெரியுது.
"பெருச ஒட்டி ஒரு பொடிசு," என்றார் சின்னப்பையன்,
"அது எப்பவும் இருக்குமே."

உனக்கு என்று யாரும் கேட்கவில்லை.

எனக்கு ஒன்றுதான்.
அதுவும் ஈரப் பொட்டை விரல் இழுத்த மாதிரி
ஓரம் கலைந்து.
எட்டு மாதமாக, ஆள் இல்லாத மத்தியானங்களில்
வலது கண்ணுக்கு லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டு
அட்டை முன்னால் உட்கார்ந்து
கடைசி வரிவரை வாசித்துவிடுகிறேன்.
மனப்பாடம்.

கல்யாணத்தன்று பகல் பதினொன்றரைக்கு
மண்டபத்து வாசலில் நிறுத்தி
ஐயர் மேலே கை காட்டினார்.
அந்தத் திசையில் ஒரு சின்டெக்ஸ் தொட்டி,
தொட்டி மேல் காக்கை.
தெரியுதா அம்மா என்றார்.
தெரியுது என்றேன்.
பக்கத்தில் நின்றவரும் சொன்னார்.
அந்த ஒரு சொல்லை வைத்தே
நான்கு வருஷம் குடும்பம் நடத்தினோம்.

தினமும் முப்பது பேருக்குச் சொல்கிறேன்:
தெரியாட்டி தெரியலன்னு சொல்லுங்க,
ஊகிக்காதீங்க,
இங்க யாரும் மார்க் போடல.

கரையில் ஏதோ ஒரு பெரிய உடல்
தண்ணீர் குடிக்கும் சத்தம்.
சின்னப்பையன் உதட்டில் விரல் வைத்தார்.
பரிசல் இன்னொரு சுற்றை முடித்து
என்னை மறுபடி வடக்குக்குக் கொண்டு வந்தது.
அப்போது பார்த்துத்தானா வர வேண்டும்,
"எனக்குத் தெரியல" என்றேன்.
சத்தமாகவே.

உஷ், என்றாள் ஜெசிந்தா.

அது தலை நிமிர்ந்தது.
இருட்டுக்குள் இன்னும் கெட்டியான இருட்டு.
நீளமாக ஒரு மூச்சு விட்டு
மறுபடி குனிந்தது.

பர்வீன் இருட்டில் தடவி
என் உள்ளங்கையில் அரை முறுக்கை வைத்தாள்.
அது குடித்த இடத்திலிருந்து வளையங்கள்
ஒவ்வொன்றாக வந்து பரிசலைத் தொட்டன.
கொஞ்ச நேரம், தண்ணீரில்,
எல்லாமே இரண்டிரண்டாக இருந்தது.