மேட்டில் மட்டும்

சமதரையில் ஒன்றும் செய்யாது.
பாடி மேம்பாலம் ஏறும்போதுதான்,
மூன்றாவது கியரில்,
பின்னால் அறுநூறு கிலோ இட்லி மாவு அழுத்த,
இரண்டு முறை விக்கிவிட்டு நின்றுபோகும்.
பத்து நிமிடம்.
பின்னால் வரும் லாரிகள் என் அம்மாவை விசாரிக்கும்.
பிறகு சாவியைத் திருப்பினால்
எதுவும் நடக்காததுபோல் கிளம்பும்.

மாவுக்குப் பத்து நிமிடம் என்பது வேறு கணக்கு.
மே மாத வெயிலில் அதற்குள்
கவர்கள் கன்னம் உப்பிக்கொள்ளும்.
ஒரே வண்டியில்
முன்னால் அழுத்தம் விழுகிறது, பின்னால் ஏறுகிறது.

சுல்பிகர் பாய் முதல் நாள் வண்டியை ஒரு சுற்று சுற்றினார்.
"மூடி மட்டும் புதுசா இருக்கே" என்றார்.
நான் டீ வாங்கப் போனேன்.

ஸ்கேனரைச் செருகி, என்னை ஓட்டச் சொல்லி,
பக்கத்தில் உட்கார்ந்து படித்தார்:
கேட்டது ஆயிரத்து நூறு பார்.
வந்தது எழுநூறு. நானூற்றைம்பது. இருநூறு.
பிறகு பாலத்தின் காற்றுச் சத்தம் மட்டும்.
"கேக்குது. குடுக்க முடியல."
எங்கள் வீட்டிலும் மாதக் கடைசியில் இதே ரீடிங்தான்.

ஃபில்டரைக் கழற்றினார். அடியில் தண்ணீர் இல்லை.
புதிது போட்டும் அதே மேடு, அதே விக்கல்.
நான்கு இஞ்செக்டரின் ரிட்டர்ன் குழாயிலும்
இருமல் மருந்து பாட்டில்களைக் கட்டித் தொங்கவிட்டார்.
எதில் அதிகம் நிறைகிறதோ அது திருடன்.
நான்கும் ஒரே அளவில் நின்றன,
சாட்சி சொல்ல வந்த அண்ணன் தம்பிகள் மாதிரி.
நான் அவற்றை நேராகப் பார்க்கவில்லை.

புதுப்பேட்டையில் பம்புக்கு நாற்பத்தெட்டாயிரம் சொன்னார்கள்,
பழையது, கேரண்டி கடைவாசல் வரை.
குணவதி அக்கா வளையலைத் திருகிக்கொண்டே
"மாத்திடலாமா பாய்?" என்றாள்.
அப்போது சொல்லியிருக்கலாம்.
தொண்டைவரை வந்தது. அங்கேயே நின்றது.

"பம்பு மேல பழி போடறது சுலபம்மா."
ஐந்து லிட்டர் தண்ணீர் கேனில் சுத்தமான டீசல்.
டேங்க்கிலிருந்து வரும் குழாயைப் பிடுங்கிவிட்டு,
ஜன்னல் வழியாகக் கேனிலிருந்து ஊட்டினார்.
ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் பாட்டில் பிடித்திருப்பவர்போல
அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.
ஏறினோம். இறங்கினோம். மறுபடி ஏறினோம்.
ஆயிரத்து நூறு கேட்டது. ஆயிரத்து நூறு வந்தது.
"எஞ்சின்ல ஒண்ணுமில்ல. டேங்க்க எறக்கு."

வளைந்த கம்பியால்,
உறிஞ்சும் குழாயின் வாயருகிலிருந்து இழுத்தார்:
ஒரு மாவுக் கவர்.
அச்சு டீசலில் கரைந்திருந்தது.
கடைப்பெயர் போய்விட்டது, விலை போய்விட்டது,
'புளிக்காதது' என்பதில் 'புளி' மட்டும் ஒட்டியிருந்தது.

மேட்டில் எஞ்சின் உயிரைக் கொடுத்து இழுக்கும்போது
இது எழுந்துவந்து வாயைப் பொத்தும்.
எஞ்சின் நின்றதும் மெல்ல விலகி
அடியில் படுத்துக்கொள்ளும்.
பத்து நிமிடம்.

அக்கா கவரை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
பாய் சோப்புத்தூளும் தேங்காய் நாரும் போட்டு
விரல் விரலாகக் கழுவிக்கொண்டிருந்தார்.
தலை நிமிராமல் கேட்டார்:
"மூடி எவ்ளோ ஆச்சு?"

வானகரம் பங்கில் டீசல் போட்டுவிட்டு
மூடியை மேடையிலேயே வைத்துக் கிளம்பியது,
கவரை மடித்துத் திணித்து ரப்பர் பேண்ட் போட்டு
இரண்டு நாள் ஓட்டியது,
மூன்றாம் நாள் கவரைக் காணாமல்
காற்றில் பறந்திருக்கும் என்று நம்பிக்கொண்டது

"முந்நூத்தம்பது" என்றேன்.

பில்லில் பாய் எழுதியது இரண்டே வரி:
டேங்க் சுத்தம், ஃபில்டர் ஒன்று.
அக்கா அதன் கீழே 350 என்று எழுதினாள்.
எனக்குத் தரவா, என்னிடம் பிடிக்கவா,
சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடிகாலை, அதே லோடு.
பாலம். மூன்றாவது கியர்.
வண்டி ஏறிவிட்டது.
விக்கும் இடத்தில் என் கால்தான்
ஆக்சிலேட்டரை ஒருகணம் விட்டது.
பின்னால் எங்கோ ஒரு கவர்
பட்டென்று வெடித்தது.