முகட்டுப் பாலம்: அளவெடுத்த நாள்

படிவத்தில் ‘கூரை’ என்றொரு கட்டம் இல்லை.
நீளம், அகலம், தூண், பாரம் எல்லாம் இருக்கிறது.
வீதித் திணைக்களத்துக்குப் பாலம் என்றால்
மேலே வானம்தான்.

நிரோஜன் நாடாவின் மறுநுனியோடு
இருட்டுக்குள் நடந்தான்.
“எழுபத்திரண்டு அடி” என்று கத்தினான்,
வௌவால்கள் கிளம்பின.

வழுக்கையாற்றில் மாரிக்கு மட்டும்தான் தண்ணீர்.
மற்ற மாதங்களில்
உப்புப் பூத்த ஒரு பள்ளத்தைத் தாண்டத்தான்
இவ்வளவு ஏற்பாடு.

பதினான்கு சட்டம். எல்லாம் பனை.
கறுத்த வைரம், உளி பட்டால் உளிதான் மழுங்கும்.
இரண்டு குத்துக்கால், தலை சேர்க்க ஒரு வளை,
இருபுறமும் சாய்ந்து கரையை உதைக்கும் கைமரம்.
நடுவில் விழும் பாரத்தைக் கரை வாங்கிக்கொள்கிறது.
இரும்பாணி ஒன்றுமில்லை.
உப்புக்காற்றின் பசி தெரிந்த ஒருவன்
புளியங்கட்டையில் முளை சீவி இறுக்கியிருக்கிறான்.
அவன் பெயர் எங்கும் இல்லை.
கல்லில் இருப்பது கட்டுவித்தவர் பெயர்:
புகையிலை விசுவநாதர், விகாரி வருஷம், ஆவணி.

கூரை எதற்கு?
ஊரில் ஆளுக்கொரு கதை.
புகையிலைச் சிப்பம் நனையாதிருக்க.
வண்டில் மாடு தண்ணீர் கண்டு மிரளாதிருக்க.
விசுவநாதருக்குத் தலையிடி, வெயில் ஆகாது.

உண்மை சப்பென்று இருக்கிறது.
கூரை பாலத்துக்குத்தான்.
பனை வெயிலைத் தாங்கும், வண்டிலைத் தாங்கும்,
பொருத்துக்குள் ஊறி நிற்கும் மழையைத் தாங்காது.
மரம் நனையக் கூடாது, அவ்வளவுதான்.

முதலில் கிடுகு, பிறகு மங்களூர் ஓடு,
தொண்ணூறில் ஷெல் விழுந்து கொஞ்சக் காலம் வெறும் வானம்,
பிறகு யாரோ அடித்த தகரம்,
அதில் நீல எழுத்தில் ஒரு நிறுவனத்தின் பாதிப் பெயர்.
ஏழாம் சட்டத்தை ஒரு தரப்பு பங்கருக்குக் கழற்றியது.
ஒன்பதாவதை மற்றத் தரப்பு.
நடுவில் நின்ற எட்டு
இரண்டு பேருடைய பாரத்தையும் சுமந்தது.

மூன்று மணிக்கு நிரோஜன் கேட்டான்:
“அக்கா, பாலத்துக்குப் பக்கத்தில என்னத்துக்குப் படி?”

வடக்குக் கரையில் ஒன்பது, தெற்கில் ஒன்பது.
முருகைக்கல். தண்ணீருக்குள் இறங்கி
அந்தப் பக்கம் ஏறுகின்றன.
குளிக்க என்றேன். இந்த உவரில் யார் குளிப்பது?
மாடு கழுவ என்றேன். மாட்டுக்குப் படி வெட்டுவார்களா?
ஒவ்வொரு படியும் நடுவில் குழிந்திருந்தது.

கச்சேரிக் கோப்பில் ஒரு சுங்கக் கணக்கு இருந்தது.
முதல்நாள் வாசித்துத் தாண்டிப் போயிருந்தேன்:
வண்டில், நாலு சதம்.
காவுதடி, ஒன்று.
நடை, அரை.
கீழ்வழிச் சனம், கட்டணமில்லை.

தருமம் என்று நினைத்திருந்தேன்.

சப்பாத்தைக் கழற்றி இறங்கினேன்.
ஐந்தாம் படியில் முழங்கால்,
ஏழில் இடுப்பு. மார்கழித் தண்ணீர்.
கை தானாகவே தலைக்கு மேல் போயிற்று
நாடாவை நனையாமல் பிடிக்க.
சிப்பத்தையும் இந்த உயரத்தில்தான் பிடித்திருப்பார்கள்.
அண்ணாந்தால் பாலத்தின் அடிவயிறு,
காய்ந்து, கறுத்து,
வெகு பத்திரமாக.

தூறல் தொடங்கியது.
மேலே தகரத்தின் கீழ் நிரோஜன்,
கையில் பேனை.
“எவ்வளவு எண்டு எழுத, அக்கா?”
அவன் வீட்டார் எந்த வழியால் போனார்கள்,
என் வீட்டார் எந்த வழியால்,
நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.
யாழ்ப்பாணத்தில் அது
கேளாமலே அறிந்துவிடுகிற சங்கதி.

கரையேறி, படிவத்தின் பின்பக்கம் திருப்பி
ஈரக் கையால் நானே எழுதினேன்:
படி, இரு கரையும், பதினெட்டு.
தேய்வு, நடுவில், ஒன்றரை அங்குலம்.
சீமெந்து பூச வேண்டாம்.