வளவு துப்புரவு

கோழிக் கடை வாசலில் ஒட்டிய தாளில்
என் தொலைபேசி எண் பத்து வால்களாய்த் தொங்கியது.
ஒன்பதாம் நாள் ஒரு வாலை நானே கிழித்தேன்.
ஒருவரும் தொடாத தாளை
ஒருவரும் தொடமாட்டார்கள்.

மறுநாள் அழைப்பு வந்தது.
ஏஜாக்ஸ், சேலம் றோட்டுக்குக் கிழக்கே
மூலை வீடு. மிஸ்டர் பெனடெட்டோ.
வாசற்புல்லைக் காட்டி, "எவ்வளவு?" என்றார்.

பாண் தொழிற்சாலையில் ஆறு வருட இரவு வேலை.
மணிக்கு இவ்வளவு என்று
யாரோ சொல்ல, தலையாட்டித்தான் பழக்கம்.
இலைக்கு முன்னால் ஒரு 'வ்' போட்டால் விலை;
அந்த ஒற்று தொண்டையிலேயே நின்றது.
"நாற்பது" என்றேன், மன்னிப்புக் கேட்பதுபோல.

சரி என்று உடனே கை தந்தார்.
அப்போதே விளங்கியிருக்க வேண்டும்.
பக்கக் கதவைத் திறந்தார்:
பின்வளவு.
மூன்று மேப்பிள் மரங்கள்.
இந்த வருடத்து இலைக்கு அடியில் போன வருடம்,
அதற்கும் அடியில் அதற்கு முந்தியது,
கறுத்து, நனைந்து,
ஈரம் பட்ட அப்பளக் கட்டாய் ஒட்டிக்கொண்டு.

மைத்துனன் சயந்தன் அறுபது டொலருக்குத் தள்ளிவிட்ட
பழைய ஊதுமெஷினை இழுத்தேன். இருமியது.
இழுத்தேன்.
பதினெட்டாம் இழுப்பில் உயிர் வந்து
இலையை விட்டுவிட்டு
என் தொப்பியைக் கொண்டுபோனது.

பிறகு றேக்.
பிறகு கை.
பதினொரு கடுதாசிப் பை என்று நினைத்தது
முப்பத்திரண்டில் நின்றது.
பைக்காசும் பெற்றோலும் போக
மிச்சம் பதினொரு டொலர்,
ஒரு கொப்புளம்,
புதைந்து கிடந்த ஒற்றைக் கையுறை.
அதையும் கழுவிக் கொடுத்தேன்,
எனக்கு ஏன் அந்த வேலை.

பொழுது சாய, வேலிக்கு அப்பால் நின்ற ஓக் மரத்தை
காற்று ஒருதரம் உலுக்கியது.
இந்தத் தொழிலில் காற்று என் பங்காளி.
பங்காளி எப்படியென்று தெரியும்தானே:
ஒரு கையால் தருவான்,
மறு கையால் வழக்கு வைப்பான்.

வேலிக்கு மேலால் ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.
"எங்கட வளவும் செய்வீங்களா? எவ்வளவு?"
தமிழ்!
தமிழ் ஆட்களிடம் விலை சொல்வது இன்னும் கஷ்டம்.

"முதலில் பின்பக்கத்தைக் காட்டுங்கோ."
பார்த்தேன். ஒருதரம் சுற்றி நடந்தும் பார்த்தேன்.
"நூற்றெண்பது."
யார் சொன்னது என்று
எனக்கே திரும்பிப் பார்க்கத் தோன்றியது.

அவரிடம் கேட்டு வாறன் என்று
அவள் உள்ளே போனாள்.
நான் பெனடெட்டோவின் புல்லுக்குத் திரும்பி வந்தேன்.
வாரி முடித்த பச்சையின் நட்டநடுவில்
புதிதாய் ஓர் ஓக் இலை.
கை தன்பாட்டில் குனிந்தது.
இழுத்து நிமிர்த்தினேன்.
நாற்பது டொலரில்
அந்த இலை சேராது.