ஒரு வாளி மாவு

ஷீரே ஆறு எங்கள் ஊருக்குள் வந்தது
புதன்கிழமை இரவு,
வேத வகுப்பு முடிந்து ஒரு மணி நேரத்தில்.
அன்றைக்குப் பாடம் நடத்தியவள் நான்.
பகிர்ந்து உண்பதைப் பற்றி.
கரும்பலகையில் அப்பம் ஐந்து, மீன் இரண்டு வரைந்து
மீனுக்குக் கண்கூட வைத்துவிட்டு
விரலில் ஒட்டிய சாக்குத் தூளைத் தட்டிக்கொண்டே
வீட்டுக்குப் போனேன்.

மேட்டுப் பள்ளிக்கூடத்தில் நானூறு பேர்.
நான்காம் வகுப்பறையின் ஒழுகாத மூலை எனக்குக் கிடைத்தது,
சபையின் பொருளாளர் என்பதால்.
நான் கேட்டு வாங்கவில்லை.
மறுக்கவும் இல்லை.
தலையில் சுமந்து வந்த தகரப் பெட்டியில்
காணிக்கைக் கணக்கு நோட்டு, மூக்குக் கண்ணாடி,
அடியில்,
ஞாயிறு உடுத்தும் சிட்டெஞ்சேயில் சுற்றி
ஒரு வாளி சோள மாவு.

மூன்றாம் நாள் எலுபே வந்தாள், இடுப்பில் குழந்தை.
பாடகர் குழுவில் எனக்குப் பின்வரிசை.
நான் சுருதி தப்பும்போதெல்லாம்
தன் குரலைச் சற்று ஏற்றி மறைத்துவிடுவாள்.
"அமாயி, ஒரு பிடி மாவு இருக்குமா?"

இல்லை என்றேன்.

அந்தச் சொல் வர நேரமே எடுக்கவில்லை.
அதுதான் இன்றும் என்னை நடுராத்திரியில் எழுப்புகிறது.
யோசித்துச் சொல்லியிருந்தால்
பயம் என்று பெயர் வைத்திருப்பேன்,
என் பிள்ளைகளின் பசி என்று.
அது வாசலிலேயே நின்றிருந்தது,
செருப்பை மாட்டிக்கொண்டு,
எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்த ஆள் மாதிரி.
பிறகு சொன்னேன், "உனக்காக ஜெபிக்கிறேன்."
ஜெபித்தேன்.
கண்ணை இறுக மூடி,
பெட்டியின் மேல் உட்கார்ந்து.

ஸூஸேயைப் பற்றியும் சொல்ல வேண்டும்.
கச்சாசு காய்ச்சி விற்பவன்.
போன உயிர்த்தெழுந்த பண்டிகைக்கு முன்னால்
சபைப் பதிவேட்டில் அவன் பெயரை அடித்தவள் நான்.
சிவப்பு மை. அளவுகோல் வைத்து, நேராக.
அவன்தான் குடைமரத் தோணியோடு
இருட்டுக்குள் போய்ப் போய் வந்தான்.
கூரைகளிலிருந்து, மாமரக் கிளைகளிலிருந்து
யார் யாரையோ இறக்கிக் கொண்டுவந்தான்.
நாறினான், ஆம், சாராய நாற்றம்.
முழங்கால் சேற்றில் நின்று
வாயில் வந்ததையெல்லாம் சொல்லி ஆற்றைத் திட்டினான்.
முதலையைப் பார்த்தேன் என்றான், சிரித்தான்,
மறுபடி போனான்.
பத்தொன்பது பேர். எண்ணினேன்.
எண்ணுவது என் வேலை.

துன்பம் நம்மைப் புடமிடும் என்று
எத்தனை சாட்சிக் கூட்டத்தில் பேசியிருக்கிறேன்.
புடத்திலிருந்து பொன்தான் வரும் என்று
எனக்கு ஏன் அத்தனை உறுதி?
சட்டியில் இருப்பதுதானே அகப்பையில் வரும்.
ஆறு ஒரு கிண்டு கிண்டியது;
அவனிடமிருந்து தோணி வந்தது,
என்னிடமிருந்து பூட்டிய பெட்டி.
ஆண்டவரே, உமக்கு முன்பே தெரியும்.
எனக்குத்தான்
இவ்வளவு தண்ணீர் தேவைப்பட்டது.

ஆறாம் நாள் ஹெலிகாப்டர் வந்தது.
எல்லாருக்கும் மூட்டை, எல்லாருக்கும் எண்ணெய்.
அன்றிரவு பெட்டியைத் திறந்தேன்.
ஈரம் ஏறி, பச்சை பூத்து,
மாவுக்குள் மெதுவாக ஏதோ நெளிந்தது.
நாளைக்கு இருக்கட்டும் என்று
வனாந்தரத்தில் ஒளித்து வைத்தவர்களின் பானைக்குள்
நெளிந்ததே, அதேதான்.
தின்னவும் இல்லை,
கொடுக்கவும் இல்லை.

கொட்டிவிட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.
எலுபே முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.
என்ன சொல்வதென்று வழியெல்லாம் கட்டி வைத்திருந்த வாக்கியம்
வாயில் ஏறவில்லை.
அவள் மாவைப் பார்த்தாள்.
வெகுநேரம் பார்த்தாள்.
என்னைப் பார்க்கவில்லை.
குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு சொன்னாள்,
"வாளி நல்ல வாளி.
கழுவித் தாருங்கள். தண்ணீர் பிடிக்க வேண்டும்."

மணல் போட்டுத் தேய்த்தேன்.
மூன்று முறை, நான்கு முறை.
வாடை போகவில்லை.
போகாததோடேயே
வாங்கிக்கொண்டு போனாள்.