ஏழிலிருந்து பன்னிரண்டு

அட்டனில் பார்மசிக்கு மேல் மாடி.
முட்டைத் தட்டு ஒட்டிய சுவர்.
கொட்டகலை மாதா கோயில் கொயரை
ஒரு பென் டிரைவில் கொண்டுவந்து வைத்து
"கலியாணத்துக்கு. முடியிற இடத்துல பைலாவோட
ஒட்டித் தாங்க, ஒட்டு தெரியக் கூடாது" என்றுவிட்டுப் போனார்
சவரியான், மாப்பிள்ளையின் அண்ணன்,
லொறி ஓட்டுகிறவர், பேஸ் பாடுகிறவர்.

வணக்க மாதத்துப் பதிவு. லத்தீன்.
நாலு குரல், இருபத்திமூன்று பேர், ஒன்பது நிமிடச் சொச்சம்.

மென்பொருள் வேகத்தை நூற்று முப்பத்தாறு என்றது.
மேசையில் தட்டி எண்ணினேன்: அறுபத்தெட்டு.
பாதியாக வெட்டினேன்.
வெட்டிய பிறகுதான் உறைத்தது,
கொழுந்து நிறை குறைந்த நாட்களில்
அம்மாவுக்கு அரைப்பேர் போட்ட
கணக்கப்பிள்ளையின் பேனையும்
இப்படித்தான் கூச்சமில்லாமல் ஓடியிருக்கும்.

அறுபத்தெட்டும் நிலைக்கவில்லை.
மூச்செடுக்கும் இடங்களில் அறுபத்தைந்து,
ஆமென் நெருங்க அறுபத்தொன்று.
லயம் என்றால் எங்களுக்கு முதலில் வீடு,
பிறகுதான் தாளம்.
பத்துக் காம்பரா, ஒரே கூரை,
இந்த வீட்டில் இருமினால்
அந்த வீட்டில் சுடுதண்ணீர் வைப்பார்கள்.

சுருதி டி மைனர். சக்கரத்தில் ஏழாம் எண்.
பைலாவும் ஏழு.
சக்கரத்தில் பக்கத்து எண்ணோடு சேர்த்தாலே இனிக்கும்,
இது ஒரே வாசல். சுலபமான சல்லி என்று நினைத்தேன்.

மூன்றாம் நிமிடம் கரண்ட் போகிறது.
ஓகன் செத்த இடம் திரையில்
கான் வெட்டியது போலத் தெரிகிறது.
தகரத்தில் மழை. யாரோ தீக்குச்சி உரசுகிறார்கள்.
பாட்டு நிற்கவில்லை,
பிடிக்க ஒன்றுமில்லாமல்
ஈர மலையில் கொழுந்துச் சாக்கோடு இறங்குவது போல
கொஞ்சம் கொஞ்சமாக வழுக்குகிறது.
முடியும்போது சி ஷார்ப் மைனர்.
தொண்டைக்கு அது அரைப் படி.
சக்கரத்தில் ஏழிலிருந்து பன்னிரண்டு,
மணிக்கூடாக இருந்தால் ஐந்து மணித்தியாலம்.

அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது.
வேகத்தைத் தொடாமல் சுருதியை மட்டும் தூக்கும்.
தூக்கினேன்.
இருபத்திமூன்று பேரும் தலைவாரி, பவுடர் பூசி,
போட்டோவுக்கு நின்றார்கள்.
ஒட்டினேன். ஒட்டு தெரியவில்லை.

திரும்பக் கேட்டபோது
ஆறு நிமிடம் பதினாலாம் செக்கனில்
பதுளைப் பக்கமிருந்து இறங்கும் ரயில்
ஹோர்ன் அடித்தது, பொய்யாக.
கொட்டகலையில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்,
அது அந்தக் குரலில் கூப்பிடாது.
கொயரோடு சேர்த்து அதையும் தூக்கியிருந்தேன்.
மழையையும். தீக்குச்சியையும்.

மூலத்தைப் போட்டேன்.
வளைவு முழுக்க நீளும் ஹோர்ன்.
அதுவரை ஆளுக்கொரு பக்கம் சரிந்துகொண்டிருந்த குரல்கள்
அதன்மேல் வந்து நிற்கின்றன.
ஆல்டோவில் ஒருத்தி முதலில் பிடிக்கிறாள்
(டிக்கோயா ஆஸ்பத்திரி ஜெசிந்தாவாக இருக்கலாம்,
அவள்தான் மூக்கால் பாடுவாள்),
பிறகு மற்றவர்கள்.
ரயில் போய்விடுகிறது. அவர்கள் விடவில்லை,
ஆமென் வரைக்கும் அதே இடம்.
ரயில் இறக்கியதா,
இறங்கியவர்களை வழியில் சந்தித்ததா,
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சவரியானுக்கு அழைத்தேன்.
ஒட்டவில்லை, நடுவில்
ஐந்து செக்கன் சும்மா விட்டிருக்கிறேன் என்றேன்.
"சும்மாவா?"
பன்னிரண்டிலிருந்து ஏழுக்கு வர நேரம் வேண்டும் என்றேன்.
அவருக்கு விளங்கியிருக்காது.
எஞ்சின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.
பிறகு,
"அதுல ரயில் இருக்கா?"
இருக்கிறது.
"அப்ப சரி. அந்த எடத்துலதான் நமக்கு மூச்சு வந்துச்சு.
சல்லி கலியாணம் முடிஞ்சு தாரேன்."